தைராய்டு எடுத்தபின் விரலில் மரமரப்பு

கேள்வி (பினாங்கு): அம்மாவுக்குத் தைராய்டை முழுசா எடுத்து நேற்று வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு. திங்கள்கிழமை கிளினிக்வரை பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம், இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும் 4 பாராதைராய்டு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியம் அளவைக் காக்கின்றன. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் கால்சியம் இறங்கும், பெரும்பாலும் 1–3 நாளில்; இந்த மரமரப்பு அதன் அறிகுறி. கை இழுத்துக்கொண்டால் கால்சியம் குளுக்கோனேட்டை சிரை வழியாக, இசிஜி பார்த்தபடி மெதுவாக ஏற்றுவார்கள். கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் அது வேறு கதை: உள்ளே ரத்தக்கசிவு. உடனே 999 (மலேசிய அவசர எண்) அழையுங்கள்.

பதில்: மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்க. அது குறைந்திருந்தால் கால்சியம் லேசில் ஏறாது.

பதில்: பிறகு மாத்திரை நேரம். லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) வெறும் வயிற்றில், தண்ணீரோடு. கோப்பி, தே தாரேக் (பால் தேநீர்) எல்லாம் அரை மணி கழித்துத்தான். கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு, 4 மணி நேரம் தள்ளி. சேர்த்து விழுங்கினால் ஹார்மோன் குடலில் சரியாக உறிஞ்சப்படாது.