மீட்டெடுப்பா, நினைவெழுப்பலா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மூளை ஆய்வின் முடிவுகளை வகுப்பறையில் எவ்வாறு கையாளலாம் என்று விளக்கும் ஆசிரியர் கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கும் பணியில் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். நரம்பணு, நரம்பிணைப்பு, செயல்நினைவு, மூளையின் நெகிழ்திறன் முதலிய சொற்களில் பெரிய இடர்ப்பாடு எழவில்லை. என்னைத் தடுத்து நிறுத்தியது 'ரிட்ரீவல் பிராக்டிஸ்' என்னும் தொடர். படித்ததை மூடி வைத்துவிட்டு, எதையும் பாராமல், நினைவிலிருந்து தானே வெளிக்கொணர்ந்து சொல்லியோ எழுதியோ பார்க்கும் செயலை அது குறிக்கிறது. இதற்கு 'மீட்டெடுப்புப் பயிற்சி' போதும் என்று நண்பர் ஒருவரும், 'மீட்டல்' இன்னும் சுருக்கமானது என்று வேறொருவரும் எழுதியிருந்தனர். இருவரிடத்தும் மதிப்புக் கொண்டே மாறுபடுகிறேன். 'நினைவெழுப்பல்' என்ற சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்; அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டும்.

முதல் வரைவில் நானும் 'மீட்டல் பயிற்சி' என்றே எழுதியிருந்தேன். அந்த வரைவைப் படித்துப் பார்த்த அனுபவம் மிக்க ஆசிரியை ஒருவர், அதன்படி ஒரு பாடத் திட்டத்தையும் தம் கைப்பட எழுதித் தந்தார். அதன் கடைசி வரி இவ்வாறு இருந்தது: 'இறுதிப் பத்து நிமிடம் மீட்டல், மாணவர்கள் பாடத்தை மீண்டும் ஒருமுறை கவனமாக வாசிப்பர்.' அவர் பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. இலங்கையின் பாடநூல்களில் 'மீட்டல்', 'மீட்டற் பயிற்சி' என்பவை முன்பு கற்றதைத் திரும்பப் பார்ப்பதைக் குறித்து நெடுங்காலமாக வழங்குகின்றன. தமிழ்நாட்டில் அதே வேலையைத் 'திருப்புதல்' செய்கிறது. சொல் தன் பழகிய பொருளைத்தான் அவருக்குச் சொல்லிற்று. ஆனால் மீண்டும் மீண்டும் வாசிக்கும் எந்தப் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கையேட்டின் அந்தப் பகுதி வேண்டுகிறதோ, அதையே செய்யுங்கள் என்று என் சொல் அவரிடம் சொல்லிவிட்டது. ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது என்று கருதுகிறேன்.

மீண்டும் வாசிப்பதற்கும் பாராமல் வெளிக்கொணர்வதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. 2006இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியைக் கற்றனர். ஒரு குழுவினர் ஐந்து நிமிடம் வீதம் நான்கு முறையும் அதை வாசித்தனர். இன்னொரு குழுவினர் முதல் முறை மட்டும் வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்று முறையும் தாளை மூடி, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, வாசித்தவர்கள் ஏறத்தாழ 83 விழுக்காடும் எழுதியவர்கள் 71 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: வாசித்தவர்களிடம் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. வாசித்தவர்களே தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினர் என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. வரிகளுக்கு வண்ணம் தீட்டி மூன்றாம் முறையாகப் படிக்கும் மாணவிக்குப் பாடம் தெளிவாகத் தெரிவதுபோல் இருக்கும். வெற்றுத் தாளின் முன் அமர்ந்து, பேனா மூடியைக் கடித்தபடி, இரண்டாவது காரணம் என்ன என்று தேடிக்கொண்டிருக்கும் மாணவனுக்கோ எதுவும் தெரியாததுபோல் இருக்கும். ஆனால் கற்றல் வலுப்பெறுவது அவன் பக்கத்தில்தான். அந்தத் தேடலுக்குத்தான் பெயர் வைக்க முயல்கிறோம்.

இனி 'மீட்டெடுப்பு'. இதில் திருப்புதலோடு குழம்பும் சிக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணினித் துறையில் அழிந்த கோப்பை மீட்டெடுத்தல் என்பது நன்கு வேரூன்றிவிட்ட வழக்கு, சொல்லும் பிழையற்றது. என் தயக்கம் அது மனத்தில் எழுப்பும் படத்தைப் பற்றியது. வைத்த பொருள் வைத்த இடத்தில் மாறாமல் இருக்கிறது, போய் எடுத்து வருகிறோம் என்ற கிடங்குப் படம் அது. ஆங்கிலச் சொல்லும் அந்தப் படத்தைத்தான் சுமக்கிறது என்று நண்பர் சுட்டியது உண்மை. ஆயினும், அங்குள்ள பழைய உருவகத்தை நாமும் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிதாகச் சொல் ஆக்குபவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பே, இதுவரை அறிந்ததைக் கொண்டு ஆக்கலாம் என்பதுதான்.

நினைவுகூர்தல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று 1932இலேயே உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் வாதிட்டார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதை மூளைக்குள்ளேயே காட்டின. வீலர், பீட்டர்சன், பக்னர் ஆகியோரின் ஆய்வில், முன்பு கண்ட படங்களை நினைவுகூர்ந்தவர்களின் மூளையில் பார்வைக்குரிய பகுதிகளும், கேட்ட ஒலிகளை நினைவுகூர்ந்தவர்களின் மூளையில் கேட்டலுக்குரிய பகுதிகளும் மீண்டும் செயல்பட்டன. நேடர், ஷேஃப், லெடூ ஆகியோரோ, எலிகளில் உறுதிப்பட்டுவிட்ட அச்ச நினைவைக்கூட, அது மீண்டும் எழுப்பப்பட்ட வேளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியில், நினைவு உறுதிப்படத் தேவையான புரத உருவாக்கத்தைத் தடுத்தால் குலைத்துவிட முடியும் என்று காட்டினர். எழுந்த நினைவு மீண்டும் உறுதிப்பட வேண்டியிருக்கிறது. அந்த இடைவேளையில் அது நெகிழ்ந்த நிலையில் இருக்கிறது. எலியின் அச்சத்திலிருந்து குழந்தையின் இலக்கணப் பாடத்திற்கு நேராகத் தாவக் கூடாது என்பதை நான் மறக்கவில்லை. மூளை அறிவியலுக்கும் வகுப்பறைக்கும் இடையே நேர்ப்பாலம் போடுவதில் உள்ள அவசரத்தை ஜான் புரூவர் 1997இலேயே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்கான சான்று மேலே சொன்னது போன்ற கற்றல் ஆய்வுகளிலிருந்தே வர வேண்டும். ஆனால் நினைவு என்றால் என்ன என்ற அடிப்படைப் படத்தை மூளை ஆய்வு மாற்றியிருக்கும்போது, பழைய படத்தைப் புதுச் சொல்லில் அடைத்து வைப்பது சரியாகாது.

இந்த இடத்தில்தான் 'எழுப்புதல்' எனக்குக் கைகொடுத்தது. உறங்குபவரை எழுப்புகிறோம், சுவரையும் எழுப்புகிறோம். விழிக்கச் செய்தல், கட்டி நிறுத்துதல் ஆகிய இரண்டு பொருளும் ஒரே வினையில் இயல்பாக அமைந்திருக்கின்றன; இந்தச் செயலுக்கும் அந்த இரண்டுமே வேண்டும். நினைவு விழிக்கிறது, விழிக்கும்போதே மறுபடி கட்டப்படுகிறது.

மற்ற சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். 'நினைவுகூர்தல்' அழகிய சொல். ஆனால் மறைந்தவரைப் போற்றும் கூட்டங்களோடு அது நெருங்கிவிட்டது, 'நினைவுகூரல் பயிற்சி' என்றால் வகுப்பறை கண்முன் வருவதில்லை. 'ஒப்பித்தல்' எல்லோருக்கும் தெரிந்தது. அதில் பாராமல் சொல்வது உண்டு, ஆனால் சொல்மாறாமல் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஒளிச்சேர்க்கையைத் தன் சொற்களில் விளக்கும் குழந்தை ஒப்பிக்கவில்லை. பாராமல் வெளிக்கொணர்வதால் நினைவு வலுப்பெறும் விளைவுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'டெஸ்டிங் எஃபெக்ட்' என்னும் பெயரை மொழிபெயர்த்துத் 'தேர்வு விளைவு' என்பதை நான் முற்றாக விலக்குவேன். மதிப்பெண்ணும் அச்சமும் இல்லாத ஒரு செயலைத் தேர்வின் பெயரால் அழைத்தால், அதைச் செய்யும் சூழலே கெட்டுவிடும்.

அம்மையார் ஒருவர், பழைய இலக்கணத்திலேயே சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும் என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, என்னை மீண்டும் நன்னூலைப் புரட்ட வைத்தது. மாணாக்கர் நூலைப் பயிலும் முறையைச் சொல்லும் நூற்பாவில் பவணந்தி முனிவர் 'பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல்' என்று இரண்டையும் தனித்தனியாக வைக்கிறார். சற்றுப் பின் 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்கிறார். பாடத்தைப் பேணுவது ஒன்று, கேட்டதை உள்ளத்தில் மீண்டும் கொணர்வது மற்றொன்று என்ற தெளிவு அவருக்கு இருந்திருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டின் ஆய்வு முடிவை அவர் அன்றே கண்டுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அவருக்கும் நியாயமன்று, ஆய்வுக்கும் நியாயமன்று. 'நினைத்தல்' இன்று பெரும்பாலும் எண்ணுதல், கருதுதல் என்ற அளவில் விரிந்துவிட்டதால் அதைத் தனியே கலைச்சொல்லாக வைக்க இயலவில்லை. ஆனால் அந்த வேர் நம் சொல்லுக்குள் இருக்கட்டும் என்பதே 'நினைவு' என்று தொடங்கக் காரணம்.

'நினைவெழுப்பல்' என்பதற்கு எதிராக நானே காணும் குறை ஒன்று உண்டு. எழுப்புபவர் யார் என்பது சொல்லில் இல்லை. ஆசிரியர் மாணவரின் நினைவை எழுப்புவதாகவும் கொள்ளலாம், அப்போது அது 'நினைவூட்டல்' அருகே போய்விடும். இது பொருட்படுத்த வேண்டிய குறைதான். ஊட்டுதலில் கை எப்போதும் பிறருடையது. எழுப்புதலிலோ நினைவை எழுப்புபவர் அந்த நினைவுக்கு உரியவராகவே இருக்க முடியும் என்பது என் விடை. கையேட்டில் முதன்முறை வரும் இடத்தில் 'கற்பவர் தாமே செய்யும் நினைவெழுப்பல்' என்று விரித்து எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ள எண்ணுகிறேன். 'தன்' என்ற முன்னொட்டைச் சேர்க்கலாமா என்றும் பார்த்தேன், நாவில் இடறுகிறது.

கிளைச்சொற்கள் தடையின்றி வருகின்றன. வினையாக 'நினைவெழுப்பு', அடையாக 'நினைவெழுப்பு வினா', 'நினைவெழுப்புப் பயிற்சி', 'நாள் இடைவெளி விட்ட நினைவெழுப்பல்' எல்லாம் இயல்பாக ஒலிக்கின்றன. அந்த ஆசிரியையிடம் திருத்திய பக்கத்தைக் கொடுத்தபோது, கடைசி வரியை அடித்துவிட்டு, 'இறுதிப் பத்து நிமிடம் நினைவெழுப்பல். புத்தகம் மூடியிருக்கும்' என்று எழுதினார். புத்தகம் மூடியிருக்க வேண்டும் என்று நான் அவரிடம் வாய்மொழியாக எதுவும் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் தீராதது ஒரு சொல்தான். நினைவு எழத் துணைசெய்யும் முதல் எழுத்து, படம், பாதி வாக்கியம் போன்றவற்றைக் குறிக்கும் சொல்லுக்குத் 'தூண்டற்குறி' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். 'குறிப்பு' என்றால் ஏட்டில் எடுக்கும் குறிப்போடு மயங்குகிறது, 'துப்பு' என்றால் குற்றப் புலனாய்வின் வாடை வருகிறது. உளவியல் கற்பிக்கும் நண்பர்கள் தங்கள் வகுப்பில் எதைச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள் என்று தெரிவித்தால், கிளைச்சொற்களை ஒருசேர முடித்துவிடலாம்.