மறு: ஆட்வேருக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மீனாட்சி தேர் மாசி வீதிகளைச் சுற்றிவந்து, அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். அதுவரை எங்கள் தெருவில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. அதனால்தான் கலைச்சொல் தேடும் இந்த மடல் இழையில் பதில் போடவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லா மடல்களையும் படித்தேன். ஆட்வேருக்கு, அதாவது சொல்லாமல் கணினியில் ஏறி விளம்பரம் காட்டுகிற மென்பொருளுக்கு, 'விளம்பர உண்ணி' என்று நான் போட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை அடி விழும் என்று எதிர்பார்க்கவில்லை. சில அடிகள் நியாயமானவை. ஒன்று ரொம்பவே நியாயமானது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா செக்கானூரணிப் பக்கம் இருக்கிறார். போன மாசியில் ஒருநாள் காலையில் போன். "டேய், செல்லுல வைரஸ் புகுந்துருச்சுடா. அங்கிட்டுத் தள்ளிவிட்டா இங்கிட்டு வந்து நிக்குது. பேங்க்குல இருக்கற பணமெல்லாம் போயிருமாம்ல?" விசாரித்தால், அவர் ஏற்கெனவே டவுனுக்கு வந்து ஒரு செல்போன் கடையில் காட்டியிருக்கிறார். கடைத் தம்பியும் "வைரஸ்தான் அய்யா" என்று சொல்லி, போனை முழுக்க அழித்துப் புதுசு மாதிரி ஆக்கி, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டிருக்கிறான். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அதோடு போயின. பத்தே நாளில் 'வைரஸ்' திரும்பி வந்துவிட்டது.

அது வைரஸே இல்லை. விட்டுப்போன சீரியலைப் பார்க்க அவர் போகிற ஒரு தளம், 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட, அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். தான் ரோபோ இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அழுத்திவிட்டார். அந்தப் பொத்தானோ ரோபோவைப் பற்றியதே இல்லை. 'இந்தத் தளம் எனக்கு அறிவிப்பு அனுப்பலாம்' என்று உலாவிக்கு, அதாவது பிரவுசருக்கு, எழுதிக்கொடுக்கிற கையெழுத்து அது. அதற்கப்புறம் தளத்தின் சிறு நிரல் ஒன்று உலாவியின் பின்னணியில் தங்கிவிடும். தளத்திலிருந்து கிளம்புகிற செய்தி, உலாவியைச் செய்த நிறுவனத்தின் வழங்கி (சர்வர்) வழியாக வந்து அந்த நிரலைத் தட்டி எழுப்பும். தளத்தை மூடிவிட்டாலும் வரும். வாட்ஸப் செய்திக்கும் பேங்க் செய்திக்கும் நடுவில், போனே பேசுவதுபோல வந்து உட்காரும். 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று கத்தும். தொட்டால் ஒரு செயலியை இறக்கச் சொல்லும், இல்லை காசு கேட்கும். போனை அழித்த பிறகு சித்தப்பா அதே சீரியலுக்காக அதே தளத்துக்குப் போனார், அதே பொத்தானை அழுத்தினார். வேறென்ன நடக்கும்?

ஊருக்குப் போய், அவர் போனில் குரோம் உலாவியைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று உள்ளே போனேன். அனுமதி வாங்கிய தளங்கள் வரிசையாக நின்றன. வாயில் நுழையாத பெயர்களில் ஏழெட்டு. ஒவ்வொன்றையும் தடுத்துவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மேலே இருந்த பொத்தானையும் அணைத்தேன். மொத்தம் இரண்டு நிமிஷம். இதை முதலிலேயே செய்திருந்தால் காதுகுத்துப் படங்கள் மிஞ்சியிருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் அங்கேயே தங்கச்சியின் மடிக்கணினி என் மடிக்கு வந்தது. அதில் இருந்ததுதான் நிஜமான ஆட்வேர். பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்றை 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தி நிறுவியிருக்கிறாள். நடுவில் ஒரு பக்கத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்த இன்னொன்றும் சேர்ந்து ஏறிவிட்டது. முகப்புப் பக்கம் மாறிவிட்டது. கூகுளில் தேடினால் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. விளம்பரமே இல்லாத பக்கத்திலும் விளம்பரம். நிறுவிய தேதிப்படி மென்பொருள்களை வரிசைப்படுத்தி, அந்த வாரம் வந்த இரண்டையும் நீக்கினேன். உலாவியைத் திறந்தால் பழைய கதையேதான். பார்த்தால் உலாவிக்குள் நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) ஒன்று மிச்சம். அதை நீக்கப் போனால் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்கிறது குரோம். எந்த நிறுவனம்? அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்! அலுவலகக் கணினிகளுக்கு நிர்வாகி போட்டுவைக்கிற மாதிரி ஒரு கட்டளையை அந்த ஆட்வேர், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்திருந்தது. ஆட்வேரைத் துடைக்கிற ஆட்வ்கிளீனர் என்ற மென்பொருளை ஓட்டி, மிஞ்சியிருந்த கட்டளையையும் பிடுங்கி, உலாவியின் அமைப்புகளைப் பழையபடி ஆக்கிய பிறகுதான் அடங்கியது.

எழுந்து வெளியே வந்தால், சித்தப்பா தொழுவத்தில் பசுவின் காதுமடலில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். வேப்பெண்ணெயைத் தடவிவிட்டு, அவசரப்படாமல். "வெடுக்குனு இழுத்தா உடம்பு மட்டும்தான் வரும்டா. வாய் உள்ளயே நின்னு சீழ் வச்சுரும்" என்றார். ரெஜிஸ்ட்ரியைக் கிளறிவிட்டு வந்தவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அகராதியைப் புரட்டி எடுத்த சொல் இல்லை இது.

சரி, இனி உங்கள் மடல்கள்.

> விளம்பரநிரல் என்று எளிமையாக ஒரு சொல் இருக்கும்போது உண்ணி எதற்கு?

விளம்பரம் காட்டுகிற நிரல் எல்லாம் விளம்பரநிரல்தான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மின்பலகையை ஓட்டுகிற நிரலும் அதுதான். உண்மையில் ஆட்வேர் என்ற சொல்லுக்கே முன்பு அவ்வளவு கெட்ட பெயர் கிடையாது. ஓப்பரா உலாவி 2005 வரை இலவசப் பதிப்பில் விளம்பரப் பட்டையோடுதான் வந்தது. காசு கொடுத்தால் பட்டை போய்விடும். ஒளிவுமறைவு இல்லாத வியாபாரம். விளம்பரநிரல் என்பதை அந்த நேர்மையான வகைக்கு வைத்துக்கொள்வோம். சொல்லாமல் ஏறி, போகச் சொன்னால் போகாமல் ஒட்டிக்கொள்வதற்கு வேறு சொல் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

> உண்ணி அருவருப்பாக இருக்கிறது.

இருக்கட்டுமே. அந்த மடிக்கணினியைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

> உண்ணி பேச்சு வழக்கு. கலைச்சொல்லுக்கு ஒரு கட்டமைப்பு வேண்டும்.

கட்டமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. உலாவு என்பதோடு இகரம் சேர்ந்தால் உலாவி. செயல் என்பதோடு சேர்ந்தால் செயலி. உண் என்பதோடு சேர்ந்தால் உண்ணி. நாம் கணினிக்காகச் சொல் செய்யப் புறப்படுவதற்கு வெகுகாலம் முன்பே மாடு மேய்த்தவர்கள் அதே அச்சில் வார்த்துவைத்திருக்கிறார்கள். சுவரொட்டி கூட அந்த அச்சுதான். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை சுவரில் படித்துத் தெரிந்துகொள்கிற மதுரைக்காரனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

> பாப்-அப், நோட்டிபிகேஷன் இரண்டையும் சேர்த்துத் 'துள்ளு சாளரம்' என்றே சொல்லிவிடலாமே?

இதை மட்டும் செய்ய வேண்டாம். பாப்-அப் பிறந்தபோது அது நிஜமாகவே தனிச் சாளரம்தான். 1990களின் பிற்பகுதியில், இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ட்ரைபாட் தளத்தில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மன் அதற்கு நிரல் எழுதியவர். ஆபாசப் பக்கம் ஒன்றில் தன் விளம்பரம் வந்துவிட்டது என்று ஒரு கார் நிறுவனம் பதறியது. பக்கத்தோடு ஒட்டாமல் விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் காட்டிவிடலாம் என்று வழி கண்டுபிடித்தார்கள். அதற்காக அவர் 2014இல் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். அந்தச் சாளரத்தை உலாவிகள் எப்போதோ அடைத்துவிட்டன. இன்டர்நெட் எக்ஸ்புளோரரே 2004இல், விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சேவைத் தொகுப்போடு, தடுப்பைக் கொண்டுவந்துவிட்டது. எழுசாளரமோ துள்ளு சாளரமோ, அதற்கு எது வந்தாலும் எனக்குச் சண்டை இல்லை.

தள அறிவிப்பு வேறு பிறவி. குரோமில் அது 2015இல்தான் வந்தது. சாளரம் இல்லை, பக்கமும் திறந்திருக்க வேண்டியதில்லை. எழுசாளரத் தடுப்பை எத்தனை தடவை போட்டாலும் இதை அது தொடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் சித்தப்பா மறுபடி தப்பான கதவைத்தான் பூட்டுவார்.

அதற்கு இதுவரை வந்த 'அழையா அறிவிப்பு', 'வேண்டா அறிவிப்பு' இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. அழையாமல் வந்தது என்றால் குற்றம் முழுக்க வெளியில். உள்ளே தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. உண்மையில் நாம்தான் அழைத்தோம், ஏமாந்து அழைத்தோம். ஆகவே நான் முன்பு சொன்ன 'ஏய்ப்பறிவிப்பு'தான். ஏய்ப்பு என்றால் வரி ஏய்ப்புதான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் 'ஏச்சுப்புட்டான்' என்பது நாள்தோறும் காதில் விழுகிற சொல், வருமானவரி அலுவலகத்தை யாரும் நினைப்பதில்லை. இந்தச் சொல்லைக் கேட்டதும் 'எங்கே ஏமாந்தேன்?' என்று மனசு பின்னோக்கிப் போகும். அனுமதிப் பட்டியல் இருப்பது அந்தப் பக்கம்தான்.

மக்கள் தாமே விரும்பித்தானே அனுமதி கொடுக்கிறார்கள் என்று வாதாடிய நண்பருக்கு ஒன்று. 2018 டிசம்பர் கடைசியிலிருந்து ஒரு மாதம், ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்கிற மொசில்லா எண்ணிப் பார்த்தது. ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் ஏறத்தாழ 1.8 கோடி தடவை அறிவிப்புக்கு அனுமதி கேட்கப்பட்டது. ஒப்புக்கொண்டது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 2020 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72 அந்தக் கேள்வியையே முகவரிப் பட்டையில் ஒரு சின்னக் குறிக்குள் ஒதுக்கிவிட்டது. நேராகக் கேட்டால் யாரும் தருவதில்லை. அதனால்தான் ரோபோ வேஷம்.

இப்போது அந்தக் கடைசி அடி.

> தாவர உண்ணி தாவரத்தைத் தின்னும். ஊன் உண்ணி ஊனைத் தின்னும். அப்படியானால் விளம்பர உண்ணி எதைத் தின்னும்?

இதைப் படித்துவிட்டு விளக்கை அணைத்தவன், மறுபடி எழுந்து விளக்கைப் போட்டேன். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் படித்த எந்தப் பிள்ளையும் இதைத்தான் கேட்கும். எனக்குப் பதில் இல்லை. தொழுவத்தில் நின்று யோசித்தவன் வகுப்பறையை மறந்துவிட்டேன். சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

பாதியை மட்டும். 'விளம்பர ஒட்டுண்ணி' என்று ஆக்கினால் அந்தச் சிக்கல் வராது. அக ஒட்டுண்ணி, புற ஒட்டுண்ணி என்று சொல்லும்போது முன்சொல் வகையைச் சொல்கிறது, தீனியைச் சொல்வதில்லை. ஒட்டிக்கொள்கிற குணமும் பெயரிலேயே வந்துவிடுகிறது. ஓரெழுத்து ஈரெழுத்து கூடுகிறது, பரவாயில்லை. போனில் வருவதற்கும் அதே பெயர்தான். திரையில் எங்கு இருந்தாலும் முழுப்பக்க விளம்பரம் பாய்ந்தால், நாம் நிறுவிய செயலிகள் ஓடாத பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) போனைத் திறந்து பாருங்கள். அங்கே விளம்பரம் நின்றுவிட்டால் நாம் நிறுவிய ஏதோ ஒரு செயலிதான் ஒட்டுண்ணி. மற்ற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி எதற்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் ஆள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஆக, சொல்பட்டியலில் ஆட்வேருக்கு எதிரே 'விளம்பர ஒட்டுண்ணி', அந்த வகை நோட்டிபிகேஷனுக்கு எதிரே 'ஏய்ப்பறிவிப்பு' என்று ஏற்றலாமா? வெள்ளிக்கிழமை வரை மறுப்பு வராவிட்டால் நானே ஏற்றிவிடுகிறேன். நண்பர் சொன்ன பொருளில் 'விளம்பர உண்ணி' இப்போது சும்மா கிடக்கிறது. விளம்பரத்தைத் தின்று தீர்க்கிற ஆட்பிளாக்கருக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. விளம்பரத் தடுப்பானைவிட வாய்க்கு ருசியாகவும் இருக்கிறது.

காலையில் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, உண்ணி இப்போது நல்லவன் பக்கம் வந்துவிட்டது என்று சொன்னேன். "மாட்டுக்கிட்டச் சொல்லிப் பாருடா" என்றார்.