வயிற்றுப் பிள்ளைக்கு மருந்து படுவதற்குக் கலைச்சொல் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுப்பதற்காக நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். பீடைகொல்லி, ஈயம், பாதரசம், அடுப்புப் புகை ஆகியவை வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சியை என்ன செய்கின்றன என்பதுதான் விடயம். தலைப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆங்கிலத்தில் 'prenatal exposure' என்று இரண்டே சொல்லில் முடிவதற்கு என்னிடமுள்ள சொற்பட்டியல் தருவது 'மகப்பேற்றுக்கு முற்பட்ட வெளிப்பாடு'. இதை வாசிக்கிறவருக்குக் குறைப்பிரசவந்தான் நினைவுக்கு வரும். கருப்பைக்குள் மறைந்திருக்கும் பிள்ளை மகப்பேற்றுக்கு முன்பே எப்படி வெளிப்படும்? போதாததற்கு 'மரபணு வெளிப்பாடு' என்று இதே சொல்லை வேறு பொருளில் ஆண்டுகொண்டிருக்கிறோம். இந்தத் துறையில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து மோதும்.

'மகப்பேற்றுக்கு முற்பட்ட' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது காலத்தைச் சொல்கிறதே தவிர, யாருக்கு என்பதைச் சொல்லவில்லை. ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்குள் போன ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். பிள்ளைக்குக் கல்சியம் தேவைப்பட்டுத் தாயின் எலும்பு கரையும்போது ஈயமும் கூடவே இரத்தத்தில் இறங்கிப் பிள்ளையிடம் போகிறது. பத்து வயதில் தாயின் உடலுக்குள் போனது, இருபத்தைந்து வயதில் அவர் சுமக்கும் பிள்ளையைத் தேடி வருகிறது. ஆகவே சொல்லில் 'கரு' இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சென்னை நண்பர் முன்வைத்தது:

> 'கருவூறு' என்று வைத்துக்கொள்ளலாமே. ஊறு என்றால் தொடுகை. ஐம்புலன்களைச் சொல்லும் குறளில் அப்படித்தான் வருகிறது. தீங்கு என்றும் பொருள் உண்டு. ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடும்.

அழகான சொல். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு பிரசுரத்தின் முதல் பந்தியை நமக்குத் தெரிந்த மருத்துவமாது ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், இது குடும்பத் திட்டப் பிரசுரமா என்றார். 'கருவுறு' என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு குறில் நெடிலில் கர்ப்பம் தரிப்பதும் நஞ்சு தீண்டுவதும் இடம் மாறுமானால், அந்தச் சொல்லைக் கிளினிக் வாசலுக்குக் கொண்டுபோக முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. 'ஊறு' விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளை 1999 முதல் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். தாய்மாரின் சிறுநீரில் ஓர்கனோபொஸ்பேற்று பீடைகொல்லிகளின் சிதைபொருள்களை அளந்துவைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏழு வயதாகும்வரை காத்திருந்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. அளவு மிகக் கூடிய ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைந்த பங்கினரின் பிள்ளைகளைவிட நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக ஏழு புள்ளி பின்னுக்கு நின்றார்கள். சிறுநீரை அளந்த அன்று இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அன்று அளந்தது தீங்கை அன்று. அந்த உடம்புக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை மட்டுமே. அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

யாழ்ப்பாணத்து ஐயா தந்த 'ஆட்படுதல்' எனக்குத் தேவாரத்தை நினைவூட்டுகிறது. 'உட்படுதல்' சட்டத்துக்கும் நிபந்தனைக்கும் உரியது. இரண்டிலும் தாய் ஏதோ இணங்கிப் போனது போன்ற சாயல் இருக்கிறது. ஐயா பொறுத்தருள வேண்டும்.

சரி, இங்கே பெண்கள் என்ன சொல்கிறார்கள்? தோட்டத்தில் பீடைகொல்லி என்றோ களைநாசினி என்றோ யாரும் சொல்வதில்லை; எல்லாமே மருந்துதான். போன மாதம் மேல் மலையில் முதுகில் டாங்கியோடு ஒருவர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர் காற்று திரும்பியதும் நிமிர்ந்து பார்த்தார். இடுப்புப் படங்கை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்து நிரையில் நின்ற பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம், மருந்து படும், அந்தப் பக்கம் போ என்றார். அவ்வளவுதான். நான் ஒரு வாரமாகத் தேடியதை அவர் கூடையை இறக்காமலே சொல்லிவிட்டார்.

வெயில் படுகிறது, பனி படுகிறது, கண் படுகிறது, கை படுகிறது. எல்லாவற்றிலும் வந்து படுவதுதான் எழுவாய். பட்டவர் மேல் பழி இல்லை. நல்லதா கெட்டதா என்பதையும் இந்த வினை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே என் பரிந்துரை 'கருவிற்படுதல்'. பிரசுரத்தின் தலைப்பில் 'வயிற்றுப் பிள்ளைக்கு மருந்து பட்டால்' என்றே போடுவேன். அறிக்கை எழுதுகிறவர்களுக்குக் 'கருவிற்படுதல்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால், தாய்க்கும் டாக்டருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

மருந்துகளின் பெயரைப் பிரசுரத்தில் போட வேண்டாம் என்பதும் என் எண்ணம். கிளைபோசேட் என்ற களைநாசினியை இலங்கையில் 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். பெயரை அச்சடித்தால் அடுத்த வர்த்தமானி வருவதற்குள் பிரசுரம் பழசாகிவிடும்.

இன்னொன்று. நம் பாடப்புத்தகங்கள் 'சூல்வித்தகம்' என்பதைத் தமிழ்நாட்டார் 'நஞ்சுக்கொடி' என்கிறார்கள். உயர்தர வகுப்பில் முன்னதைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். ஆனாலும் இந்தப் பிரசுரத்துக்குப் பின்னதே பொருந்தும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்ட ஒரு பெண், நஞ்சைக் கொடி பிடித்துவைத்துக்கொள்ளும், பிள்ளைக்குப் போகாது, அப்படித்தானே என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. யப்பானின் மினமாட்டாவில், தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியே மக்களைத் தாக்கிய நோய் 1956இல் வெளிச்சத்துக்கு வந்தபோது வைத்தியர்களே அப்படித்தான் நம்பியிருந்தார்கள். தாய்க்குச் சொல்லும்படியான நோயில்லை, பிள்ளை மட்டும் கை கால் முறுக்கிப் பிறந்தது. மீதைல் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்திருக்கிறது. யப்பானியர் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறவர்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தக் காய்ந்த கொடிகளை அளந்துதான் எவ்வளவு பாதரசம் போயிருந்தது என்று கண்டார்கள். நம் பாட்டிமார் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினார்கள். எந்த ஆய்வுகூடமும் அவற்றைக் கேட்டு வரவில்லை.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

*மட்டக்களப்பிலிருந்து மறுமொழி*

வணக்கம் சேர். 'கருவிற்படுதல்' எனக்குச் சம்மதம். ஆனால் அதிலிருந்து கிளைகள் வர வேண்டுமே! எந்த வழியால் பட்டது, எவ்வளவு பட்டது, எந்தக் காலத்தில் பட்டது என்று என் அட்டவணையில் மூன்று நிரல்கள் இருக்கின்றன. படுவழி, படுமளவு, படுகாலம் என்று எழுதிப் பார்த்தேன். தாதி சிரித்துவிட்டார். படுகுழி, படுகொலையோடு சேர்ந்து நிற்கின்றனவாம்.

மூன்றாவது நிரலில்தான் எனக்கு அக்கறை. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடுகிறது. அந்த நாளில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. கிளினிக்கில் பேர் பதிய வரும்போது அந்தக் கதவு சாத்தியாயிற்று. அதேபோல் கர்ப்பத்தின் முதற்பாதியில் பிள்ளை தாயின் தைரொயிட் ஓமோனை நம்பித்தான் வளர்கிறது. உருளைக்கிழங்குக் கருகலுக்கு அடிக்கும் மங்கோசெப் சிதைந்து உண்டாகும் பொருள் தாக்குவது அந்தத் தைரொயிட்டைத்தான். நுவரெலியாப் பக்கத்தில் மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகும் பெண்களை நீங்கள் பிரசுரத்தில் மறந்துவிட்டீர்கள்.

*அட்டனிலிருந்து*

அக்கா சொன்னது சரி. படும் வழி, படும் அளவு, படும் காலம் என்று பிரித்தே எழுதிவிடுவோம். ஒட்டிவைத்தால்தான் கலைச்சொல் என்று சட்டம் ஒன்றுமில்லை. மரக்கறித் தோட்டத்தைச் சேர்த்துவிட்டேன். பேர் பதியும் வரை காத்திருக்கக்கூடாது என்பதால், பிரசுரத்தைப் புதிதாகக் கலியாணம் முடித்தவர்களுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நேற்று மாலை பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்கு, பிள்ளையை எடுக்க வந்த தாய்மார் ஏழெட்டுப் பேருக்குத் தலைப்பையும் முதற்பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். 'படும்' என்பதற்கு ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. ஆனால் மடியில் பிள்ளையை வைத்திருந்த ஒருவர் வேறொன்று கேட்டார். அவருடைய கணவர் மருந்து அடிக்கிறவர். அந்தச் சட்டையைப் பீலியில் (தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) இவர்தான் துவைக்கிறார், தன்னுடைய துணிகளோடு ஒரே வாளியில். அதனாலும் படுமா?

படும். வேலைத்தலத்திலிருந்து உடையிலும் செருப்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதை ஆய்வுகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. என் மூலப் பிரசுரத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. சட்டையைத் தனியே துவைக்க வேண்டும், மருந்து அடித்தவரே துவைப்பது நல்லது, லயத்து வீட்டுக்குள் நுழையுமுன் இஸ்தோப்பிலேயே (முன்திண்ணையிலேயே) கழற்றிவிட வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தின் அடியில் நுழைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வீட்டுக்குக் கூடவே வரும் அந்த மருந்துக்கு இன்னும் பெயரில்லை. 'கூடவருபடுதல்' என்று எழுதி நானே அடித்துவிட்டேன். சென்னை நண்பரே, குறளில் ஏதாவது கிடைக்குமா பாருங்கள்.