பழைய வலைப்பதிவுகளில் இருந்த ‘டிராக்பேக்’ எப்படி இயங்கியது, ஏன் கைவிடப்பட்டது?

சுவடிதேடி எழுதியது:

இணைய வரலாறு பற்றிய ஒரு கட்டுரைக்காக, 2002 முதல் 2006 வரையிலான அமெரிக்கத் தொழில்நுட்ப வலைப்பதிவுகளை, பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைத்திருக்கும் ‘வேபேக் மெஷின்’ வழியாகப் படித்து வருகிறேன். அக்காலத்து இடுகைகள் பலவற்றின் அடியில் பின்னூட்டங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ‘டிராக்பேக்’ என்று இன்னோர் எண்ணிக்கையும் காணப்படுகிறது. 2003ஆம் ஆண்டுப் பக்கங்களில் அதன்கீழ், வேறு பதிவர்கள் அந்த இடுகையைப் பற்றித் தம் தளங்களில் எழுதியவற்றின் தலைப்பும் முதற்சில வரிகளும் இருக்கின்றன. அதே தளங்களின் 2005ஆம் ஆண்டுப் பக்கங்களில் சூதாட்டம், மாத்திரை, கடன் ஆகியவற்றுக்கான விளம்பரங்களே நிறைந்திருக்கின்றன. அதற்குப் பிந்தைய பக்கங்களிலோ அந்தப் பகுதியையே காணவில்லை.

பின்னூட்டம் என்ற ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது இப்படித் தனியாக ஒன்று எதற்குத் தேவைப்பட்டது? எரிதங்கள், அதாவது வேண்டாத விளம்பரக் குப்பைகள் (ஸ்பேம்), அதை இவ்வளவு எளிதாக விழுங்கியது எப்படி? 2005இல் கூகுள் அறிவித்த ‘நோஃபாலோ’ இதற்கான மருந்தாகத்தான் வந்தது என்று ஓரிடத்தில் படித்தேன், அது பலித்ததா? அக்காலத்தில் தளம் நடத்தியவர்கள் எவரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நிரல்நெசவு எழுதியது:

நண்பரே, டிராக்பேக்கை 2002இல் கொண்டுவந்தவர்கள் பென் டிராட், மேனா டிராட் என்ற கணவன் மனைவியர். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட ‘மூவபிள் டைப்’ என்ற வலைப்பதிவு மென்பொருளின் ஒரு வசதியாகவே அது வந்தது. ஆனால் பிற மென்பொருள்களும் பயன்படுத்திக்கொள்ளும்படி அதன் வரையறையைத் திறந்த முறையில் வெளியிட்டார்கள்.

பின்னூட்டம் என்பது அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது. பத்துப் பத்தி மறுப்பு எழுத விரும்புகிறவர் அதைத் தம் தளத்திலேயே எழுதவும், எழுதினேன் என்ற செய்தியை மட்டும் மூல இடுகைக்கு அனுப்பவும் டிராக்பேக் வழிசெய்தது. மூல இடுகையைப் படித்து முடிப்பவர் அதன் அடியிலிருந்தே மறுப்புக்குச் செல்லலாம். விவாதம் ஒரே தளத்தில் குவியாமல், எழுதியவை எழுதியவரிடமே இருக்க, அவற்றுக்கிடையே இழை ஓடியது. அந்த ஏற்பாட்டை நான் இன்றும் அழகானதாகவே கருதுகிறேன்.

அனுப்பும் முறை மிகவும் எளிது. இடுகையின் தலைப்பு, சிறு பகுதி, முகவரி, வலைப்பதிவின் பெயர் ஆகிய நான்கையும் சாதாரணப் படிவத்தை அனுப்புவதுபோல் எதிர்த் தளத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கில் கட்டாயமானது முகவரி மட்டுமே. பெற்ற தளம் அதைத் தரவுத்தளத்தில் ஏற்றி, இடுகையின் அடியில் காட்டிவிடும். அனுப்பியவர் கொடுத்த முகவரியில் உண்மையிலேயே ஓர் இடுகை இருக்கிறதா, அதில் நம் இடுகைக்குச் சுட்டி இருக்கிறதா என்பதைச் சரிபார்க்கும்படி வரையறை எங்கும் கேட்கவில்லை. அதிலேயே கோளாறு பிறந்துவிட்டது. ஒருவர் இருபது வரி நிரல் எழுதினால், ஒரே இரவில் ஆயிரக்கணக்கான தளங்களில் தம் கடையின் முகவரியைப் பதித்துவிட முடியும்.

பின்னூட்டங்களுக்கும் எரிதம் வந்தது. ஆயினும் அங்கே தடுப்பு போட இடமிருந்தது. படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லலாம். 2004இல் டிராட் தம்பதியரின் சிக்ஸ் அபார்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘டைப்கீ’ போன்ற ஒன்றின் வழியாக உள்நுழையச் சொல்லலாம். டிராக்பேக்கை அனுப்புவது மனிதர் அல்லர், இன்னொரு தளத்தின் மென்பொருள். அதனிடம் படத்தைக் காட்டி எழுத்தைப் படிக்கச் சொல்வதில் பொருளில்லை. நல்ல இயந்திரத்தையும் கெட்ட இயந்திரத்தையும் பிரித்தறிய அந்த நான்கு புலங்களுக்குள் எதுவுமே இல்லை.

பலரும் குறிப்பிடாத இன்னொரு சிக்கல், வழங்கியின், அதாவது தளத்தை இயக்கும் கணினியின், சுமை. மூவபிள் டைப் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. சாதாரண நிறுவலில், வந்து விழும் ஒவ்வொரு டிராக்பேக்குக்கும் வழங்கி ஒரு புதிய செயலாக்கத்தைத் தொடங்க வேண்டும். அதன்பின், பக்கங்கள் முன்கூட்டியே கட்டி வைக்கப்படும் முறை என்பதால், அந்தப் பக்கத்தை மறுபடியும் கட்ட வேண்டும். நிமிடத்துக்கு நூறு எரிதம் வந்தால், அதே வழங்கியில் குடியிருக்கும் மற்ற தளங்களும் சேர்ந்து திணறும். நான் அப்போது ஒரு சிறு குழுவின் தளத்தைப் பராமரித்தேன். எங்களுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் ஒரு நாள் எவரையும் கேட்காமல் எங்கள் டிராக்பேக் நிரலின் இயக்க உரிமையைப் பறித்துவிட்டு, பிறகுதான் மடல் அனுப்பியது. பெயரை மாற்றினால் எரிதக்காரர்களால் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பி அந்த நிரல் கோப்புக்குப் புதுப்பெயர் சூட்டியவர்கள் ஏராளம். சில நாள்களுக்கு அது வேலை செய்யவும் செய்தது. 2003இல் ஜே ஆலன் எழுதிய ‘எம்டி-பிளாக்லிஸ்ட்’ என்ற கூடுதல் நிரல் இன்னும் சிறந்த கேடயமாக இருந்தது. அது விலக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலை வைத்துத் தடுத்தது. புதுக் களப்பெயர் வாங்க ஆகும் செலவு சொற்பம் என்பதால் பட்டியல் எப்போதும் ஓர் அடி பின்னாலேயே ஓடியது.

தேடல்வாசி எழுதியது:

முறையில் இருந்த ஓட்டையை மேலே உள்ளவர் விளக்கிவிட்டார். அந்த ஓட்டையில் புகுவதற்கு இலாபம் இருந்ததால்தான் புகுந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1998இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட, கூகுள் தேடலுக்கு அடிப்படையான ‘பேஜ்ரேங்க்’ முறை, ஒரு பக்கத்தை நோக்கி வரும் இணைப்புகளை அதற்குக் கிடைத்த ஆதரவாகக் கணக்கிட்டது. நல்ல மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்குக் கனம் கூடுதல். வலைப்பதிவுகள் அடிக்கடி புதுப்பிக்கப்பட்டன, ஒன்றையொன்று ஓயாமல் சுட்டிக்கொண்டன; ஆகவே தனிமனிதர்களின் தளங்கள்கூடத் தேடல் முடிவுகளில் மிக மேலே வந்தன. 2003இல், ‘படுதோல்வி’ என்ற பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரைக் கூகுளில் தேடினால் அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகை வாழ்க்கைக் குறிப்பு முதலில் வரும்படி பதிவர்கள் கூடிச் செய்தார்கள். ஒரு சில பதிவர்கள் சேர்ந்து விளையாட்டாகச் செய்யக்கூடியதை, மாத்திரை விற்பவர் காசுக்காகச் செய்யமாட்டாரா?

எனவே எரிதத்தின் இலக்கு வாசகர் அல்லர். பக்கங்களை வலம்வந்து படிக்கும் தேடுபொறியின் நிரல். எவரும் படிக்காத, எழுதியவரே மறந்துவிட்ட இரண்டாண்டுப் பழைய இடுகைகளின் அடியில் எரிதம் அதிகமாகக் குவிந்திருப்பதைச் சுவடிதேடி அவர்கள் கவனித்திருக்கலாம். கண்காணிப்பு குறைவாக உள்ள இடம் என்பதால்தான் அங்கே குவிந்தது.

2005 ஜனவரி 18 அன்று கூகுள் ‘நோஃபாலோ’ குறியை அறிவித்தது. மற்றத் தேடுபொறிகளான யாஹூவும் எம்எஸ்என்னும் அதை ஏற்றன. சிக்ஸ் அபார்ட், வேர்ட்பிரஸ், பிளாகர் போன்ற பதிவு மென்பொருள் தரப்புகளும் ஏற்றன. ஓர் இணைப்பில் இந்தக் குறி இருந்தால் அதை ஆதரவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பதே அறிவிப்பின் சாரம். பின்னூட்டம், டிராக்பேக் இணைப்புகளில் மென்பொருளே இந்தக் குறியைத் தானாகச் சேர்த்தது.

பலித்ததா என்ற கேள்விக்கு, யாருக்குப் பலித்தது என்று திருப்பிக் கேட்பதே சரி. தேடுபொறிகளுக்குத் தம் முடிவுகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ள ஒரு கருவி கிடைத்தது. பதிவரின் வாசலில் குப்பை விழுவது நிற்கவில்லை. ஆயிரம் தளங்களுக்கு அனுப்பினாலும் பத்தாயிரம் தளங்களுக்கு அனுப்பினாலும் எரிதக்காரருக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். குறியைச் சேர்க்காத பழைய நிறுவல்கள் எங்கேனும் இருக்கும் என்பதால், எது குறியுள்ள தளம், எது குறியில்லாத தளம் என்று பார்த்துப் பிரிக்கும் சிரமத்தைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபக்கம், ஒரு நல்ல மறுப்புக் கட்டுரைக்கு டிராக்பேக் வழியே கிடைத்துவந்த மதிப்பும் சேர்ந்தே பறிபோனது. அந்த ஆண்டு அக்டோபரில் வேர்ட்பிரஸ் தரப்பிலிருந்து வந்த ‘அகிஸ்மெட்’தான் பதிவர்களுக்கு உண்மையான நிம்மதியைத் தந்தது என்பேன். அது ஒவ்வொரு பின்னூட்டத்தையும் மைய வழங்கிக்கு அனுப்பி, பல தளங்களில் கண்ட எரிதங்களின் அனுபவத்தைக் கொண்டு தீர்ப்பளித்தது. தனித்தனித் தளங்களின் சுதந்திரத்தைப் போற்றிய ஓர் உலகம் கடைசியில் ஒரே நிறுவனத்தின் வழங்கியை நம்ப வேண்டியதாயிற்று என்பது வேறு கதை.

எதிர்க்கரை எழுதியது:

நிரல்நெசவு அவர்கள் சரிபார்ப்பு இல்லாமையையே கோளாறு என்கிறார். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். அதே 2002இல் ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜ் முன்வைத்த ‘பிங்பேக்’ முறையில் அந்தச் சரிபார்ப்பு இருந்தது. அனுப்புகிறவர் தம் பக்கத்தின் முகவரியையும் நம் பக்கத்தின் முகவரியையும் மட்டும் தருவார். நம் தளம் அவர் பக்கத்துக்குச் சென்று, அங்கே சுட்டி இருப்பதைப் பார்த்த பிறகே ஏற்கும். வேர்ட்பிரஸ் இதை ஆதரித்தது. விளைவு என்ன? எரிதக்காரர்கள் பிறருடைய இடுகைகளைத் திருடி ஒட்டிய போலிப் பதிவுகளை உருவாக்கி, அவற்றில் உண்மையான சுட்டிகளையே வைத்தார்கள். சரிபார்ப்பில் அவை தேறிவிட்டன.

சரிபார்க்கப் போவதே ஆயுதமாகவும் ஆனது. ஒரு தளத்தை வீழ்த்த விரும்பிய ஒருவர், அதன் முகவரியை மூலமாகக் காட்டி ஏராளமான வேர்ட்பிரஸ் தளங்களுக்குப் பொய்யான பிங்பேக் அனுப்புவார். அத்தனை தளங்களும் சுட்டி இருக்கிறதா என்று பார்க்க ஒரே நேரத்தில் அந்தத் தளத்தின்மேல் பாயும். 2014 மார்ச்சில் சுகுரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு தாக்குதலின் விவரத்தில், 1,62,000க்கும் மேற்பட்ட தளங்கள் தம்மை அறியாமலே பங்கேற்றிருந்தன. முன்பின் அறியாதவர் கட்டளையிட்டால் நம் வழங்கி ஒரு வேலை செய்யும் என்ற அடிப்படையே பிழை என்பது என் கருத்து.

மேலும், டிராக்பேக்கின் பயனில் ஒரு பகுதியை வேறு வழியில் பெறலாம் என்பதை 2002 நவம்பரில் டேவிட் சிஃப்ரி தொடங்கிய ‘டெக்னோராட்டி’ காட்டியது. அது பதிவுகளைத் தானே வலம்வந்து, யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று பட்டியலிட்டது. எவரும் எவருக்கும் அறிவிப்பு அனுப்பத் தேவையிருக்கவில்லை.

சுவடிதேடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: அதே காலத்துத் தமிழ்ப் பதிவுகள் சிலவற்றையும் பார்த்தேன். பிளாக்ஸ்பாட்டில் இருந்தவற்றில் டிராக்பேக் அநேகமாக இல்லை. தமிழ்ப் பதிவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் எப்படி அறிந்தார்கள்?

மதுரைக்கிளி எழுதியது:

பிளாக்ஸ்பாட் பதிவுகள் இயங்கிய பிளாகர் சேவையில் டிராக்பேக் வசதி இருந்ததே இல்லை. பின்னூட்ட வசதியே 2004 மே மாதத்தில்தான் வந்தது. அதற்கு முன் எழுத வந்தவர்கள் ‘ஹாலோஸ்கேன்’ போன்ற வெளிச் சேவையின் நிரல்துண்டை வார்ப்புருவில் ஒட்டிக்கொண்டார்கள். அதில் பின்னூட்டத்தோடு டிராக்பேக்கும் கிடைத்தது. பின்னாளில் அந்தச் சேவை நின்றுபோனபோது, சேமித்து வைக்காதவர்களின் பழைய உரையாடல்களும் கூடவே போயின.

தமிழில் அந்த இடத்தை நிரப்பியது, பல பதிவுகளின் இடுகைகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டி. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் புதிய இடுகைகளை மட்டுமல்லாமல், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளையும் முகப்பில் காட்டியது. ஒருவர் எழுதிய மறுப்பு இடுகை சற்று நேரத்தில் எல்லார் கண்ணிலும் பட்டுவிடும் என்பதால், தனியே அறிவிப்பு அனுப்பும் தேவை எவருக்கும் எழவில்லை. ஆனால் ஆசை இங்கேயும் வேறு உருவில் வந்தது. மறுமொழி வந்தால் இடுகை முகப்புக்கு ஏறும் என்பதை அறிந்தவர்கள், தம் இடுகைக்குத் தாமே ‘நன்றி, மீண்டும் வருக’ என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிலிட்டு மேலேற்றினார்கள். ‘பின்னூட்டக் கயமை’ என்று பதிவர்களே அதற்குப் பெயரிட்டுச் சிரித்துக்கொண்டார்கள். மாத்திரை விற்பவரின் நோக்கம் தேடுபொறி, நம்மவரின் நோக்கம் முகப்பு. எண்ணிக்கையைக் காட்டும் பலகை எங்கே இருந்தாலும் அதை ஏற்றிக்காட்டும் கலையும் வந்துவிடுகிறது.

நிரல்நெசவு எழுதியது:

எதிர்க்கரை அவர்கள் சொல்வதை ஒட்டி ஒன்று: 2017 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த ‘வெப்மென்ஷன்’, பிங்பேக்கின் எண்ணத்தையே எளிமையாக்கித் திரும்பக் கொண்டுவந்தது. சரிபார்ப்பு அங்கே கட்டாயம். அடிப்படையே பிழை என்று ஒதுக்கும் அளவுக்கு நான் போகமாட்டேன். வந்ததை உடனே வெளியிடாமல் நிறுத்திவைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திராது.

சுவடிதேடி அவர்களின் ஆய்வுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பல தளங்களில் டிராக்பேக் பட்டியல் இடுகைப் பக்கத்தில் இராது. சிறு மேல்சாளரத்தில் நிரல் வழியே திறக்கும். அத்தகைய சாளரங்கள் ஆவணக்காப்பகத்தில் பெரும்பாலும் பதிவாகியிருக்காது என்பதால் எண்ணிக்கை தெரிந்தும் பட்டியல் கிடைக்காமல் போகலாம். அப்போது மாத முகப்புப் பக்கத்தை விட்டுவிட்டு, அந்த இடுகையின் தனிப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூவபிள் டைப்பின் வார்ப்புருக்கள் சிலவற்றில் பட்டியல் அங்கேயே அச்சாகியிருக்கும். 2004க்குப் பிந்தைய பிரதிகளைவிட, இடுகை வெளியான சில வாரங்களுக்குள் எடுக்கப்பட்ட பிரதியைத் தேர்ந்தெடுத்தால் எரிதம் ஏறுவதற்கு முந்தைய பட்டியல் கிடைக்க வாய்ப்புண்டு.