நியூட்ரல்–எர்த் பழுது: சுவரை உடைக்காமல் இடம் காண முடியுமா?

வீட்டில் 240 வோல்ட், சிங்கிள் பேஸ், 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசியும் மின்சாரம் 30 மில்லிஆம்பியரை எட்டினால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்). 10 நாளாக கீசரோ அயர்ன் பாக்ஸோ போட்டால் உடனே டிரிப். வெறும் விளக்குகள் எரிந்தால் ஒன்றும் ஆவதில்லை.

இதுவரை பார்த்தது: எல்லா பிளக்கையும் கழற்றியாயிற்று. கீசரையும் அயர்ன் பாக்ஸையும் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பார்த்தேன், லீக்கேஜ் இல்லை. ஆர்சிசிபியும் புதுசு மாற்றியாச்சு, அதே கதை. படுக்கையறை சர்க்யூட்டின் எம்சிபியை (தனி பிரேக்கர்) ஆஃப் செய்தாலும் டிரிப் நிற்கவில்லை. அது பேஸை மட்டும்தானே துண்டிக்கிறது! அந்த சர்க்யூட்டின் நியூட்ரலை, போர்டில் நியூட்ரல்கள் சேரும் பாரிலிருந்து கழற்றியதும் நின்றது.

கழற்றிய நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 12 ஓம், ஆக அது எங்கோ எர்த்தைத் தொடுகிறது. லோடு ஏறும்போது போர்டில் நியூட்ரல்–எர்த் 1.5 வோல்ட் வருகிறது, அதாவது 125 மில்லிஆம்பியர் எர்த் வழியே ஓடுகிறது. லோடு இல்லாதபோது 0.1 வோல்ட், 8 மில்லிஆம்பியர்தான்.

ஜங்ஷன் பாக்ஸ்களில் பிரித்துப் பார்த்ததில், கடைசி பாக்ஸுக்கும் சுவிட்ச்போர்டுக்கும் நடுவே 6 மீட்டரில் பழுது. கம்பி பைப்புக்குள் இறுகிவிட்டது, இழுத்தால் வரவில்லை. 1.5 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு சுமார் 0.012 ஓம்தான் என்பதால் சாதாரண மல்டிமீட்டரில் தூரம் கணிக்க வழியில்லை.

இந்த 6 மீட்டருக்குள் பழுது எந்த இடத்தில் என்று உடைக்காமல் கண்டுபிடிக்க எந்த முறை சரிவரும்?