அசலில் கூடுதலாகக் கட்டிய கதை

இருபது வருட வீட்டுக்கடன், 9 சதவீத வட்டி. முதல் வருடம் முடிந்து கணக்கு விவரத்தைப் பிரித்தபோதுதான் உறைத்தது. பன்னிரண்டு தவணை தவறாமல் கட்டியும் அசல் 2 சதவீதம்கூட இறங்கவில்லை. முதல் தவணையில் நூற்றுக்கு 83 வட்டிக்கே போயிருந்தது. இப்படியே தவணையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அசல் பாதியாகக் கிட்டத்தட்ட 14 வருடம் ஆகும். ஏமாற்று ஒன்றும் இல்லை. பாக்கி பெரிதாக இருக்கும்போது அதற்கான வட்டியும் பெரிது. ஆனாலும் வயிறு எரிந்தது.

வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் சுமார் மூன்றரை வருடம் முன்னதாகவே கடன் தீரும் என்று கணக்கு வந்தது. சரி என்று போனஸ் வந்த கையோடு அனுப்பினேன். மறுமாதம் வங்கி என் கணக்கிலிருந்து தவணையே பிடிக்கவில்லை. ஏன் என்று பார்க்கப் போனால், நான் அனுப்பியதை அடுத்த தவணைக்கான முன்பணமாக வரவு வைத்திருக்கிறார்கள்! அசலில் ஒரு பைசா கூடுதலாகக் கழியவில்லை.

நேரில் போய், “அசலில் கழிக்கவும். தவணை அப்படியே இருக்கட்டும், காலம் குறையட்டும்” என்று எழுதிக் கொடுத்தேன். “தவணையைக் குறைத்துக்கொள்ளுங்களேன், கையில் நாலு காசு நிற்குமே” என்றார் அங்கிருந்தவர். நிற்கும்தான், ஆனால் வட்டியில் மிச்சமாகும் தொகை குறைந்துவிடும். அப்புறம் எப்போது கட்டினாலும், இரண்டு மூன்று நாளில் அசல் பாக்கியைத் திறந்து பார்த்துவிடுவேன்.

*

மேலே எழுதியவர் கவனமானவர். நான் ஆர்வக்கோளாறில் சேமிப்பு மொத்தத்தையும் வழித்துக் கடனில் போட்டவள். எட்டாவது மாதம் வேலை போனது. “பல தவணை அளவுக்கு அதிகமாகக் கட்டியிருக்கிறேனே, கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா?” என்று வங்கியில் கேட்டேன். கடைசியில் இருந்த தவணைகள்தான் குறைந்தனவாம், இந்த மாதத் தவணை இந்த மாதமே வர வேண்டுமாம். விதிப்படி சரிதான். போட்டதைத் திரும்ப எடுக்கவும் என் கடனில் வழியில்லை. தம்பியிடம் கைநீட்டினேன். அவன் முகம் சுளிக்கவில்லை, எனக்குத்தான் தூக்கம் போனது. இப்போது ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு மேல் மிஞ்சினால்தான் அசலுக்கு.

*

எங்கள் கூத்தையும் கேளுங்கள். வீட்டுக்கடன்தான் பெரிய கடன் என்ற பயத்தில் அதில் கூடுதலாகக் கட்டிக்கொண்டே, கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தேன். மனைவி ஒருநாள் இரண்டு ஸ்டேட்மெண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, வட்டி விகிதத்தின் மேல் விரலை வைத்தாள். கார்டில் அது நான்கு மடங்கு. நான் எதுவும் பேசவில்லை. அந்த மாதமே கார்டை அடைத்தோம்.