பழைய ரெமிங்டன் 870, 300 டாலர்: வாங்கலாமா?

கேள்வி: புதுவேட்டை_ஹூஸ்டன்

ஹூஸ்டன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸ் ஒன்று கிடக்கிறது. பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா மாற்றும் ரகம்), 12 கேஜ் (குழல் அளவு), 28 அங்குல பேரல் (குழல்), விலை 300 டாலர். பேரலின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் துரு, மரக்கட்டையில் சில கீறல்கள். எந்த வருடத்தது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. எனக்கு வாரக்கடைசியில் வானில் எறியும் களிமண் தட்டு சுடவும், செப்டம்பரில் புறா வேட்டைக்கும் வேண்டும். புதிய மேவரிக் 88 துப்பாக்கி ஏறக்குறைய 250 டாலருக்கே வரும்போது பழையதற்கு இவ்வளவு கொடுக்கலாமா? கடையில் நின்றபடியே என்னென்ன பார்க்க முடியும்? இன்னொன்று, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்க அனுமதி உண்டா?

பதில் 1: விதிப்புத்தகம்

விசா விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். எச்-1பி, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. தடைக்கு உள்ள விலக்குகளில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதற்கென்றே கேள்வி இருக்கிறது. உரிமத்தையும், இப்போதைய முகவரி உள்ள டெக்சாஸ் அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். அதன்பிறகுதான் பின்னணிச் சோதனை நடக்கும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டெக்சாஸ் வேட்டை உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புதிய உரிமம் கையில் இல்லையென்றால், துப்பாக்கி வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தாலும் அது குற்றம். அடுத்த ஆண்டு உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அப்போதே வாங்கிவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றிதழும் வேண்டும். புறாவுக்கு இடம்பெயர் பறவை ஒப்புதலைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளும் யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அது இருவருக்கும் குற்ற வழக்கு. உங்களுக்கு விசாவும் போய்விடும் என்ற பயம் நியாயமானது.

பதில் 2: பழைய_பட்டறை

வருடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். பேரலின் இடப்பக்கம், ரிசீவரை (இயங்கும் பாகங்கள் உள்ள உலோக உடல்) ஒட்டி, சின்னதாக இரண்டு எழுத்துகள் குத்தியிருக்கும். முதலாவது மாதம், இரண்டாவது வருடம். மாதத்துக்கு ‘பிளாக்பவுடர்எக்ஸ்’ (BLACKPOWDERX) என்ற சொல்லின் 12 ஆங்கில எழுத்துகளை வரிசையாக எண்ணினால் போதும்: பி என்றால் ஜனவரி, எக்ஸ் என்றால் டிசம்பர். ஆனால் அது பேரலின் தேதி மட்டுமே. 870-இல் பேரலைச் சுலபமாக மாற்றலாம் என்பதால் ரிசீவரின் வயது வேறாக இருக்கலாம். எக்ஸ்பிரஸ் வரிசை 1987-இல்தான் வந்தது. 2007-இல் கம்பெனி கைமாறிய பிறகு வந்தவற்றில் சேம்பர் (தோட்டா உட்காரும் பேரலின் பின்முனை) சொரசொரப்பு பற்றிய புகார் அதிகம், அதனால் வருடத்தைப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

கடைக்குப் போகும்போது டம்மி ஷெல் (வெடிமருந்தில்லாத போலித் தோட்டா) 5, ஒரு சின்ன டார்ச், ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சேம்பரும் மேகசினும் (பேரலுக்கு அடியில் ஷெல் வரிசையாக நிற்கும் குழாய்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பேரலைக் கழற்றுங்கள்: முன்கட்டையைப் பாதி பின்னால் இழுத்து, மேகசின் மூடியைத் திருகி எடுத்தால் பேரல் முன்பக்கமாக வந்துவிடும். கழற்றவே விடாத கடையில் எக்ஸ்பிரஸ் வாங்க வேண்டாம்.

பேரலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே தெரியும் நிழல் வளையங்கள் ஒரே மையத்தில் வட்டமாக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது கறுப்பு வளையம் தெரிந்தால் அந்த இடம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அடைப்பு இருந்தபோது சுட்டிருக்கிறார்கள். விரலால் வெளிப்பக்கம் தடவினாலும் மேடு தட்டும். அந்தப் பேரல் எந்த விலைக்கும் வேண்டாம். பேரலுக்கு அடியில் மேகசின் குழாயைப் பிடிக்கும் வளையத்தின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது சேம்பர். இந்தத் துப்பாக்கியின் உயிரே அங்கேதான். விரலை விட்டுத் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால், சுட்ட ஷெல் விரிந்து பிடித்துக்கொள்ளும், முன்கட்டையை இழுத்தால் வராது. மலிவு ஷெல்களில் அடிப்பாகம் பித்தளை இல்லாமல் எஃகு. பித்தளை சுட்டபின் சுருங்கும், எஃகு அந்த அளவு சுருங்காது, அதனால் அவைதான் அதிகம் சிக்கும். வெறும் சொரசொரப்பு என்றால் சரிசெய்யலாம். பழைய 12 கேஜ் பிரஷ்ஷில் நான்கு சைபர் (0000, மிக மெல்லிய ரகம்) ஸ்டீல் வூல் சுற்றி, எண்ணெய் நனைத்து, டிரில்லில் மாட்டிச் சேம்பருக்குள் மட்டும் ஓரிரு நிமிடம் ஓட்டினால் போதும். துரு தின்று குழி விழுந்திருந்தால் அது போகாது.

இப்போது பேரலை மாட்டி டம்மி ஷெல்லைப் போடுங்கள். நாலு ஷெல் மேகசினில் போட்டு வேகமாகவும் மெதுவாகவும் இழுத்துத் தள்ளுங்கள். ஒரு இழுப்பில் இரண்டு ஷெல் வெளியே வந்தால் ஷெல் லாட்ச் (மேகசினில் அடுத்த ஷெல்லைத் தடுத்து வைக்கும் பாகம்) தளர்ந்திருக்கிறது. அது ரிசீவரில் குத்தி இறுக்கப்பட்ட பாகம், வீட்டு வேலை இல்லை, கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கூலி ஆகும். இடப்பக்கச் சுவரில் இருக்கும் எஜெக்டரும் (ஷெல்லை வெளியே தெறிக்க விடும் பாகம்) அப்படியே, ரிவெட் அடித்தது. ஷெல் ஒவ்வொன்றும் தெறித்து விழ வேண்டும், சோம்பலாக உருண்டு விழக்கூடாது.

சேஃப்டி: காலித் துப்பாக்கியைக் காக் செய்து (முன்கட்டையை இழுத்துத் தள்ளிச் சுடத் தயாராக்கி), சேஃப்டி போட்டு, ட்ரிக்கரை நன்றாக இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிக்கரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அப்போது ஹாமர் (சுடும் சுத்தியல்) விழுந்தால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காக் ஆகியிருக்கும்போது, ட்ரிக்கர் கார்டின் முன்னால் உள்ள ரிலீஸ் பொத்தானை அழுத்தாமல் முன்கட்டை பின்னால் வரக்கூடாது.

பதில் 3: தட்டுசுடுநர்

அண்ணன் மேலே சொன்னதோட சோக்கையும் (பேரல் முனைல ரவை பரவுறதைக் கட்டுப்படுத்துற பாகம்) கழட்டிப் பாருங்க. எக்ஸ்பிரஸ்ல பெரும்பாலும் ரெம் சோக் திருகு குழாய்தான். துரு பிடிச்சு உள்ளயே ஒட்டியிருந்தா சோக்கை மாத்தவே முடியாது. புறாவுக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர் (பரவல் அதிகம்), டிராப் தட்டுக்கு (நம்மை விட்டு விலகிப் பறக்கிற தட்டு) மாடிஃபைடு (பரவல் குறைவு), இந்த ரெண்டும் இருந்தா போதும்.

மேகசின்ல பிளக் (அதிக ஷெல் ஏறாம தடுக்கிற அடைப்பு) இருக்கான்னு கேளுங்க. புறா இடம்பெயர் பறவைங்கிறதால மேகசின்ல ரெண்டு, சேம்பர்ல ஒண்ணு, மொத்தம் மூணுக்கு மேல ஷெல் ஏறக்கூடாது. பழைய துப்பாக்கில யாரோ பிளக்கை எடுத்து வீசியிருப்பாங்க. துப்பாக்கியைக் கழட்டாம வெளிய எடுக்க முடியாதபடி ஒரு மரக்குச்சி உள்ள இருந்தாலும் சட்டத்துக்குச் சரி.

மேவரிக் 88 மோசமில்லை. அதுல எஜெக்டர் ஒரே ஸ்க்ரூதான், நாமளே மாத்திக்கலாம். ஆனா ரிசீவர் அலுமினியம். 870-ல எஃகு. நூறு தட்டு சுடுறப்போ அந்தக் கூடுதல் எடை தோளைக் காப்பாத்தும். தட்டுதான் முக்கியம்னா என் ஓட்டு 870-க்கு, ஆனா 300-க்கு இல்லை. துருவைக் காட்டி 240 கேளுங்க, 260-க்கு மேல போகாதீங்க.

புதுவேட்டை_ஹூஸ்டன்

மிக்க நன்றி. உரிமம் கைக்கு வந்த பிறகே கடைக்குப் போகிறேன். அந்த மேல்துருவை எடுக்க முடியுமா, அல்லது பரவிக்கொண்டே போகுமா?

பதில் 2: பழைய_பட்டறை

எக்ஸ்பிரஸின் மேற்பூச்சு மெருகில்லாத மங்கல் ரகம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹூஸ்டன் புழுக்கத்தில் துரு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, அதே நான்கு சைபர் ஸ்டீல் வூலால் அழுத்தாமல் தேய்த்தால் மேல்துரு வந்துவிடும். அடியில் நகம் மாட்டுகிற குழி இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், நுரைப்பஞ்சு வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். பேரலின் வெளியே இருப்பதை இப்படிச் சமாளிக்கலாம். மேகசின் குழாய்க்குள் துரு இருந்தால் ஸ்பிரிங் சிக்கும், மூடியைக் கழற்றும்போது டார்ச் அடித்து அதையும் பார்த்துவிடுங்கள்.